பழக்கம் மாறுவது எதனால்? அதை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வித்தாளில் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னால், ஒருவரை மாற வைப்பது எது என்று தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

'அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்வேன்' என்ற வரிக்கு 7 போட்டவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், அதற்காக அந்த எண்ணம்தான் அவரைச் செய்ய வைத்தது என்று ஆகிவிடாது, ஏற்கெனவே தினமும் ஓடுகிறவரும் 7தானே போடுவார்! அதனால் எண்ணத்தை வேண்டுமென்றே கூட்டிவிட்டு, செயல் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்த 47 சோதனைகளை வெப், ஷீரன் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணம் 0.66 அளவு மாறியபோது செயல் 0.36 அளவுதான் மாறியிருந்தது (ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வேறுபாட்டை, அதாவது திட்ட விலக்கத்தை, 1 என்று வைத்துச் சொல்லும் அளவு இது).

எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை எது நிரப்புகிறது? 2002-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்களில் ஒரு குழுவுக்கு இதயநோய் பற்றிய துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள், அவர்களின் ஆர்வம் கூடியது, ஆனால் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம்தான். பிரசுரமே பெறாத குழுவில்கூட 38! பிரசுரத்தோடு எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்றும் எழுத வைத்த குழுவில் 91 சதவீதம். (மாணவர்களே சொன்ன கணக்கு இது, அதையும் மறக்கக்கூடாது.)

அப்புறம் இன்னொரு சிக்கல், கேட்பதே ஆளை மாற்றிவிடும். கனடாவில் ரத்ததானம் செய்பவர்களுக்கு அதுபற்றிய கேள்வித்தாள் அனுப்பினார்கள், அது வந்தவர்கள் வராதவர்களைவிட அதிகமாக ரத்தம் கொடுத்தார்கள். ஆகவே கேள்வித்தாளே பெறாத ஒரு குழுவையும் ஆய்வில் வைத்துக்கொள்ளுங்கள்.