காலிப்பர் சிவப்பு பெயிண்ட் இரண்டே வாரத்தில் உரிகிறது என்றால்

நண்பரே, காலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) அடித்த சிவப்பு பெயிண்ட் இரண்டே வாரத்தில் உரிகிறது, அதுவும் பிளீடர் நிப்பிளைச் (பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் சிறு திருகு) சுற்றி மட்டும் என்றீர்கள். அப்படியானால் முதலில் கசிவைப் பாருங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பெரும்பாலான பெயிண்டைக் கரைத்துவிடும். கசிவை நிறுத்தாமல் மறுபடி அடிப்பது வீண்.

பிறகு உரிந்த பெயிண்டைக் கம்பி பிரஷால் முழுக்கச் சுரண்டி, பிரேக் கிளீனரால் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டனின் ரப்பர் பூட் (தூசி புகாமல் காக்கும் உறை), காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின், நிப்பிள், பேட் உட்காரும் இடம் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். பேட் நகரும் தடத்தில் பெயிண்ட் ஏறினால் பேட் இறுகி, பிரேக் பிடித்தபடியே நிற்கும். இதுதான் உண்மையான ஆபத்து.

வெப்பம் தாங்கும் காலிப்பர் பெயிண்டையே மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். தடித்த ஒரே பூச்சு வழியும், உள்ளே காயாது. டிஸ்க்கில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.