காபித்தூள் கம்பெனி தரும் 3 லட்சம்: கையெழுத்துக்கு முன்

வணக்கம். உங்கள் படத்தில் தங்கள் காபித்தூளைக் காட்ட ஒரு கம்பெனி 3 லட்சம் தருகிறது, பாக்கெட் 10 விநாடி தெரியணும், காபித்தூளின் பெயரை நாயகி வசனத்தில் சொல்லணும், படத்தில் வராவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி நிபந்தனையோடு கையெழுத்துப் போடாதீர்கள். எடிட்டிங்கில் காட்சி பறந்துவிட்டால் செலவழித்த பணத்துக்கு எங்கே போவீர்கள்? முன்பணம் பாதி, அந்தக் காட்சி எடுத்ததும் 40%, ரிலீசுக்குப் பின் மீதி என்று பிரியுங்கள். காட்சி போனால் கடைசித் தவணை மட்டும் கிடையாது. இறுதி எடிட் முடிவு இயக்குநருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

'10 விநாடி' என்றால் மொத்தமாகவா, ஒரே ஷாட்டிலா? ஃபோகஸில் இருக்கணுமா? சண்டை இதில்தான் வரும். மொத்தம் 10, ஒரு ஷாட்டில் குறைந்தது 3 என்று போடுங்கள். ஓடிடி, சாட்டிலைட் பதிப்புகளும் சேருமா என்பதும் வேண்டும். தொகையில் ஜிஎஸ்டி தனியா என்று கேளுங்கள். 18% என்றால் 54,000 ரூபாய் வித்தியாசம்.

வசனத்தை நாயகி முதுகு காட்டும்போது வையுங்கள். டீல் உடைந்தால் டப்பிங்கில் பெயரை மாற்றிவிடலாம். பாக்கெட் இல்லாமலும் ஒரு டேக் எடுத்து வையுங்கள்.

பளபளப்பு பாக்கெட்டில் லைட் அடித்து எழுத்து வெளுத்துப்போகும். அடியில் பின்பக்கம் சின்னக் கட்டை கொடுத்து முன்னால் சாய்த்தால் பெரும்பாலும் சரியாகும். பாதி காலியானது சுருங்கும், நிறைந்த பாக்கெட் குறைந்தது பத்து கேளுங்கள். பின்னணியில் போட்டிக் கம்பெனி போர்டு இருக்கிறதா என்று லொகேஷனில் பார்ப்பது ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலை, யாரும் பார்ப்பதில்லை.