பரங்கிக் கொடி வேலி ஏறுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டைச் சுற்றிக் கம்பிவலை வேலி இருக்கிறது. பரங்கியை அதில் ஏற்றலாமா? கனம் தாங்காமல் காய் அறுந்து விழாதா? (அரியாங்குப்பம்)

தாராளமாக ஏற்றலாம், ரகம் பார்த்து விதை வாங்கினால். கோ 1 ரகம் 7, 8 கிலோ வரை காய்க்கும்; அதைத் தரையில்தான் விட வேண்டும். வேலிக்குக் கோ 2 ஏற்றது. காய் ஒன்றரை முதல் 2 கிலோதான். வேலியோரம் ஓரடிக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு, 5 விதை ஊன்றுங்கள். 15 நாள் கழித்துத் திடமான இரண்டை விட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள். அடுத்த குழி ஆறேழு அடி தள்ளி.

பரங்கியை அதன் போக்கில் விட்டால் தரையில்தான் ஓடும். இரண்டு நாளுக்கொரு முறை நுனியைத் திருப்பிவிட்டு, வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது பிஞ்சில்தான். இரண்டங்குல வலைக்கண்ணுக்குள் பிஞ்சு நுழைந்து பெருத்தால், கம்பி இறுக்கி நடுவில் பள்ளம் விழும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எலுமிச்சை அளவிலேயே ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். தேங்காய் அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் தொட்டில் கட்டி, இரு முனையையும் கம்பியில் முடியுங்கள், கொடியில் வேண்டாம். காம்பு விறைக்காமல் தொய்ந்து கிடந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். சாக்குத்துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக் காயின் அடியை அழுகவிடும்.

பரங்கியிலும் பீர்க்கிலும் பூ கொட்டுகிறது, காய் இல்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண்பூ. அதுவும் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம்: பரங்கி, பாகலுக்குக் காலை 9 மணிக்குள். பீர்க்கு, சுரை, புடலை மாலையில்தான் மலரும், விளக்கு வைக்கும் நேரத்தில் செய்யுங்கள். யூரியா அதிகம் போட்டிருந்தால் நிறுத்துங்கள், இலைதான் தழைக்கும்.

பீர்க்கம் பிஞ்சு கோணலாகி, உள்ளே புழு. மாமரத்துக்கு வாங்கிய பொறியை வைத்தும் ஈ குறையவில்லை. (நெல்லிக்குப்பம்)

பொறி கெட்டதில்லை, மருந்துதான் வேறு. மாவில் வரும் பழ ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற வாசனை மருந்து. கொடிக்காய்களைத் துளைப்பது வேறு இன ஈ, அதற்குக் கியூ லூர் என்ற மருந்து ஊறிய கட்டை வேண்டும். கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதில் ஆண் ஈ மட்டுமே விழும், அதனால் பொறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. காய் பிடித்த மறுநாளே காகிதப் பை மாட்டுங்கள். புழு விழுந்த காயை எருக்குழியில் போடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். கூட்டுப்புழு மண்ணில்தான் கிடக்கும், கொடியடி மண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிடுங்கள்.

இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய்க்கென்று கந்தகத் தூள் தூவ வேண்டாம். பரங்கி, பீர்க்கு போன்ற பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் இலை கருகிவிடும்.

கடலோர மணல் மனை. எந்தப் பட்டத்தில் போடலாம்? (தேவனாம்பட்டினம்)

பரங்கிக்குத் தை, புடலைக்கு ஆடி. கோ 2 பரங்கிக்கு 135 நாள். ஆடி முதலில் ஊன்றினாலும் கார்த்திகை மழையில் மாட்டும். கோ 2 புடலை 105, 110 நாளில் முடிந்துவிடும். புயலும் அந்தச் சமயத்தில்தான் வரும்: ‘தானே’ புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30, ‘ஃபெஞ்சல்’ புயல் 2024 நவம்பர் 30. இலை மூடிய வேலி அந்தக் காற்றில் பாய் விரித்த மாதிரி. கொடி மட்டுமில்லை, கம்பமே சாயும். எச்சரிக்கை வந்ததும் காயைப் பறித்துவிட்டுக் கொடியை அறுத்து இறக்குங்கள், மனசு வராதுதான்.

கம்பத்துக்குச் சவுக்குக் கழி போதும். மணலில் 2 அடி ஆழம் இறக்குங்கள், மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் கருக்கிவிட்டு. உப்புக்காற்றில் கட்டுக்கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி வருஷா வருஷம் மாற்றுங்கள்.

புடலை சுருண்டுகொள்கிறது. (லாஸ்பேட்டை)

நீளக்காய் ரகம் என்றால் நுனியில் சின்னக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். குட்டை ரகத்துக்குத் தேவையில்லை.

வேலியில் காய்த்த சுரைக்காய் கசக்கிறது. சமைத்தால் சரியாகிவிடுமா? (பாகூர்)

ஆகாது. அந்தக் கசப்பே நச்சுதான், வேகவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி, குடலில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். நறுக்கியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். சாறாகக் குடிக்கவே குடிக்காதீர்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.