கேள்வி நேரம்: ஊரெல்லாம் பணம், படுக்க இடமில்லை

கேள்வி: மகன் வீட்டுக்கு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் சன்னிவேலுக்கு வந்திருக்கிறேன். பாலோ ஆல்டோ போகும் வழியில் எல் கமினோ ரியல் சாலையோரம் பழைய வேன்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்! கூகுளும் ஆப்பிளும் இருக்கிற ஊரில் இப்படியா? “எல்லாம் போதை கேஸ்மா, கிட்டப் போகாதே” என்கிறான் மகன். அப்படித்தானா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மகன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதம்மா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வீடற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மெத் என்கிற போதைப்பொருளை வழக்கமாக எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீடு பறிபோவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் பாதிப் பேரின் குடும்ப வருமானம் மாதம் 960 டாலரைத் தாண்டவில்லை. உங்கள் வட்டாரத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை என்ன என்று மகனையே கேட்டுப் பாருங்கள். 2,500க்குக் குறைத்துச் சொல்ல மாட்டார்.

சான் ஹோசேயில் ஒரு சர்ச் வளாகத்துக்குச் சனிக்கிழமைகளில் வீடில்லாதவர்களுக்கான குளியல் வண்டி வரும். லாரிக்குள்ளேயே தடுப்பு போட்டு, வெந்நீர்க் குழாய் வைத்திருப்பார்கள். துண்டும் சோப்பும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வரிசையில் எப்போதும் முதல் ஆளாக ஓர் அம்மாள் நிற்பார், ஐம்பது வயதுக்கு மேல். ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி. பழைய கேம்ரி கார்தான் வீடு. பின்சீட்டுக் கொக்கியில் யூனிபார்ம் சட்டை, சலவைக்கடை பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும். ராத்திரியானால் எல்லாக் கண்ணாடிக்கும் உள்பக்கமாக வெயில் மறைக்கும் வெள்ளித்தாளை நிறுத்திவிடுவார். நடுராத்திரியில் அந்தத் தாள் நாலு பக்கமும் நிற்கிற காரைப் பார்த்தால், உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

அவருக்கு மணிக்கு 18 டாலர் சொச்சம். வாரம் 40 மணி நேரம் நின்றால் மாதம் 3,100, அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். வீட்டுக்காரர்கள் கேட்பதோ வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம். அப்புறம் முதல் மாத வாடகை, அட்வான்ஸ் என்று கையில் 5,000 வேண்டும். கூட இருந்த தோழி வேறு ஊருக்குப் போனதும் வாடகையை ஒற்றை ஆளாகக் கட்ட முடியாமல் காருக்கு வந்தவர், இன்னும் அதிலிருந்து இறங்க முடியவில்லை. போதை எங்கே வந்தது இதில்?

கார்கூட இல்லாதவர்களுக்கு 22ஆம் நம்பர் பஸ். பாலோ ஆல்டோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே ராத்திரி முழுக்க ஓடியதால் அதற்கு ‘ஹோட்டல் 22’ என்றே பேர் விழுந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியாக வேண்டும். குளிரில் நின்று, திரும்ப ஏறி, அடுத்த தூக்கம்.

நீங்கள் பார்த்த வேன்களுக்கும் நிம்மதி கிடையாது. கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவில் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகள் நிற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். போதைதான் காரணம் என்றால் இதையும் பாருங்கள்: நாட்டிலேயே ஏழை மாநிலமான மிசிசிப்பியில் வீடற்றோர் விகிதம் மிகக் குறைவு. அங்கே போதை இல்லாமலா போயிற்று? வாடகை குறைவு, அவ்வளவுதான்.

கேள்வி: அமெரிக்காவில் இல்லாதவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்குமாமே. பிறகு ஏன் தெருவில் படுக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: சாப்பாட்டுக்குக் கொடுக்கும் தம்பி, அது ஓரளவு கிடைத்துவிடும். சிக்கல் வீட்டில்தான். மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். உழைக்க முடியாத முதியவருக்குக் கலிபோர்னியாவில் மாதம் சுமார் 1,200 டாலர் வரும். ஓர் அறைக்கே சரியாகிவிடும்.

நியூயார்க் நகரம் மட்டும் கொஞ்சம் வேறு. ஒரு வழக்கின் முடிவில், 1981இல், கேட்பவருக்கு இரவில் படுக்க இடம் தர நகராட்சி ஒப்புக்கொண்டது. மற்றபடி நாடு முழுக்க அப்படி ஓர் உரிமை இல்லை. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் 7,71,480 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில், பொது இடத்தில் படுப்பவர்களுக்கு ஊர்கள் அபராதம் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. படுக்க இடம் இல்லாதவன் அபராதத்தை எங்கிருந்து கட்டுவான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மேலே சொன்ன ஆய்வில், மாதம் 300 முதல் 500 டாலர் வாடகைக்கு உதவி கிடைத்திருந்தால் வீட்டை இழந்திருக்க மாட்டோம் என்று பத்தில் ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள். கூடாரங்களைப் பிய்த்தெறிய ஆளும் லாரியும் அனுப்புகிற செலவுக்கு, இதை யோசித்திருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: சிக்னலில் அட்டை பிடித்து நிற்பவருக்குக் காசு கொடுக்கலாமா?
– வாசகர், மில்பிடாஸ்

பதில்: மனசுக்குத் தோன்றினால் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். பொருளாகத் தருவதென்றால் புதுக் காலுறை. குளியல் வண்டியில் முதலில் தீர்வது அதுதான். கறுப்பாக இருந்தால் நல்லது, அழுக்குத் தெரியாது. விசேஷத்தில் மிஞ்சிய முறுக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் நம்மவர்கள். வேண்டாம், பல் இல்லாதவர்கள் நிறையப் பேர். வாழைப்பழம் கொண்டுவாருங்கள்.