வீடு மாறும்போது அலைச்சலும் டென்ஷனும் குறைய என்ன செய்யலாம்?

கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டோம். கடைசியாக சென்னை நங்கநல்லூரிலிருந்து கோயம்புத்தூர் வடவள்ளிக்கு வந்தது மட்டும்தான் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தது, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வது ஒரு வேலை. சாமான் கட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் கண்டிப்பாகத் தலை சுற்றும். நாங்கள் மூன்று வாரம் முன்னாலேயே, தினம் ஒரு மணி நேரம் என்று, பரணிலிருந்து ஆரம்பித்தோம். அம்மா கொடுத்த பித்தளை அண்டாவை இறக்கிப் பார்த்தால் உள்ளே பையனுடைய முதல் வருஷத்துச் சட்டைகள், மஞ்சள் கறை போகாமல், பழைய வேட்டியில் சுற்றி வைத்தது வைத்தபடி இருக்கிறது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. லாரி வாசலில் நிற்கிற நேரத்தில் அது கையில் கிடைத்திருந்தால் யார் மேலாவது எரிந்து விழுந்திருப்பேன். இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டேன்.

பால் காய்ச்சுகிற நாளும் சாமான் போகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. சாவி வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமையே சாமி படம், உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் என்று முதலில் வைத்து, கொண்டுபோன இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சிவிட்டோம். ஆடி, மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள், அதனால் ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாளில் லாரி கிடைப்பது கஷ்டம், கேட்கிற வாடகையும் அதிகம். பால் முன்னாலேயே காய்ச்சிவிட்டால் சாமானை ஒரு சாதாரண புதன்கிழமை ஏற்றலாம்.

கேஸ் விஷயத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள், அதைக் காட்டித்தான் புது ஊரில் இணைப்பு வாங்க வேண்டும். நடுவில் நாலைந்து நாளுக்கு அந்த இண்டக்‌ஷன் அடுப்புதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அப்புறம், அட்வான்ஸ். நாலாவது வீட்டில் பெயிண்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று சொல்லிப் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள், எங்களிடம் காட்ட ஒரு போட்டோ கூட இல்லை. இந்தத் தடவை வீட்டைக் காலி செய்ததும் ஒவ்வொரு சுவரையும், கரண்ட் மீட்டர் ரீடிங்கையும், ஓனர் கூட இருக்கும்போதே போட்டோ எடுத்தேன். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள், நடுவில் கிளம்பினால் நம் கணக்கு எதுவரை என்று அந்தப் போட்டோதான் சொல்லும். தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி, அது 2019-இல் நடைமுறைக்கு வந்தது, ஒப்பந்தத்தில் நாமே வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. புது வீட்டுக்குப் பேசும்போதே தைரியமாகச் சொல்லுங்கள்.

கட்டும்போது: புத்தகத்தைச் சின்ன அட்டைப்பெட்டியில் மட்டும் போடுங்கள், பெரியதில் போட்டால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கட்டிலைக் கழற்றினால் அந்த ஸ்க்ரூவை ஒரு கவரில் போட்டுக் கட்டில் பலகையிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜை முதல் நாள் இரவே அணைத்து ஐஸ் உருகவிட்டுத் துடைத்துவிட வேண்டும், போய் இறங்கியதும் நிமிர்த்தி வைத்து சில மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும்.

ஒரு பையை மட்டும் லாரியில் ஏற்றாமல் கையிலேயே வைத்திருங்கள். எங்கள் பையில் பால் பாத்திரம், காபித்தூள், நாலு டம்ளர், கத்தி, பாய், போர்வை, மாத்திரை, ஒரு பல்பு, வாளி, மக், சார்ஜர் எல்லாம் இருந்தன. லாரி வந்து சேரவே மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது, அதுவரை அந்த ஒரு பையை வைத்துத்தான் நாலு பேரும் இருந்தோம்.