ஊர் மாறிய நாய் சாப்பிட மறுக்கிறது: விடுதிக்கு அனுப்பலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் தோட்டத்தோடு சொந்த வீட்டில் இருந்தோம். கணவரின் வேலை மாற்றத்தால் சென்னை மேடவாக்கத்தில் நான்காம் மாடி ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. எங்கள் வீரா சிப்பிப்பாறைக் கலப்பு, ஆண், நாலு வயது. வந்ததிலிருந்து வைத்த சாப்பாட்டில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. லிஃப்ட்டைப் பார்த்தால் தரையோடு படுத்துக்கொள்கிறான். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சிறுநீர் போகிறான். நாங்கள் வெளியே போனால் ஊளையிடுகிறான். அசோசியேஷன் செயலாளர் இரண்டு முறை வந்துவிட்டார். லிஃப்ட்டில் நாயை ஏற்றக்கூடாது, மாதம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார். ஒரு பயிற்சியாளர், "ஒரு மாதம் எங்கள் விடுதியில் விடுங்கள், ஃப்ளாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறேன்" என்று 25,000 ரூபாய் கேட்கிறார். கடையில் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் எதைச் செய்வது?

கால்நடை மருத்துவர் பதில்:

இரண்டுமே வேண்டாம். மாத்திரையைக் குப்பையில் போடுங்கள். விடுதிக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வீராவின் நிலையை நினைத்துப் பாருங்கள். தோட்டம், மண், தெருவின் வாசனை, தினமும் பார்த்த மனிதர்கள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. மிச்சம் இருப்பது நீங்கள் இருவர் மட்டும். இந்த நேரத்தில் அவனைக் கொண்டுபோய் ஒரு கொட்டகையில் அடைத்தால் அந்த ஒரு பிடியும் போய்விடும். ஒரு மாதம் கழித்து நான்காம் மாடிக்குத் திரும்பி வந்ததும் அவன் முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓர் இடத்தில் பழகியதை நாய் இன்னோர் இடத்துக்குத் தானாகக் கொண்டுவராது. உங்கள் வீட்டு லிஃப்ட் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதை வேறு எங்கேயும் பழக்க முடியாது.

சில விடுதிகளில் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை, இறுக்கும் சங்கிலி, சொன்னதைச் செய்யும்வரை பட்டினி. ஒரு மாதத்தில் நாய் அமைதியாகத் திரும்பி வரும், வீட்டுக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள். சத்தம் போட்டால் வலிக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. பயம் அப்படியே உள்ளே கிடக்கும், பிறகு ஒரு நாள் லிஃப்ட்டில் யாரோ குனிந்து தடவ வரும்போது கடியாக வெளியே வரும். இது போதாதென்று பல இடத்து நாய்கள் ஒன்றாக அடைபடும் இடத்தில் உண்ணி, இருமல், பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் எல்லாம் சுலபமாகப் பரவும். இத்தனைக்கும் நம் நாட்டில் நாய் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்தப் படிப்பும் தேர்வும் கட்டாயம் இல்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-லும் செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-லும் மத்திய அரசு விதி போட்டது. பயிற்சி என்ற பெயரில் அடிப்பவரை யார் கேட்பது? புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையம் மாநகராட்சியைக் கை காட்டும், மாநகராட்சி கால்நடைத் துறையைக் கை காட்டும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பயிற்சியாளர் வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னால், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித் தருபவராகப் பாருங்கள். "நீங்கள் பக்கத்தில் இருந்தால் நாய் கற்காது" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

இனி மாத்திரை. கடைகளில் சீட்டு இல்லாமல் கைமாறுவது அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தாக இருக்கலாம். உடம்பைத் தளர வைக்கும், ஆனால் பயத்தைப் பெரிதாகக் குறைக்காது. நாய் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டே நகர முடியாமல் கிடக்கும். நமக்குத்தான் அது தூங்குகிற மாதிரி தெரியும். ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும். சிப்பிப்பாறை போல ஒல்லியான, கொழுப்பு குறைந்த வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பதற்றத்துக்கென்று முறையான மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்ய 4 முதல் 6 வாரம்கூட ஆகும், மருத்துவர் நேரில் பார்த்துத்தான் தர வேண்டும். ஆறாவது நாளிலேயே அந்த வழிக்குப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது?

முதல் வேலை, தரை துடைக்கும் ஃபினாயிலை நிறுத்துங்கள். புது வீடு என்று மூன்று வேளையும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறோம். நாய் தன் வாசனையை வைத்துத்தான் ஓர் இடத்தைத் தன்னுடையது என்று அறியும், நாம் அதை அழித்துக்கொண்டே இருக்கிறோம். வெறும் தண்ணீர் போதும். திண்டுக்கல்லில் அவன் படுத்த சாக்கோ பழைய போர்வையோ இருந்தால் துவைக்காமல் போடுங்கள். தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் கட்டிப் பழசான ஒரு புடவையைப் போடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையை அவனுக்கென்று விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும்போது யாரும் போய்க் கொஞ்சவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

சாப்பாடு அங்கே கொடுத்ததேதான், அதே நேரத்தில், அதே தட்டில். சாப்பிடவில்லையே என்று தினம் ஒரு புதுத் தீவனம் வாங்கி வைத்தால் வயிறும் கெடும். இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நல்ல உடம்போடு இருக்கும் நாய் ஒரு வாரம் குறைவாகச் சாப்பிடுவது பெரிய விஷயமில்லை. இரண்டு நாள் அடியோடு தொடாமல் இருந்தாலோ, வாந்தி, காய்ச்சல், வெளுத்த ஈறு தெரிந்தாலோ இடமாற்றக் கவலை என்று விட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான் சோர்வாக ஆரம்பிக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீரா ஆண் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் பெண் நாய் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவத்துக்கு வந்துபோய் ஒன்று, இரண்டு மாதத்துக்குள் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால், வீடு மாறிய ஏக்கம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்பக்கம் சீழ் வடிந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, வயிறு மட்டும் லேசாக உப்பும். அதுதான் ஆபத்து. கருப்பை கிழிந்தாலோ ரத்தத்தில் விஷம் ஏறினாலோ காப்பாற்றுவது கடினம். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, தேவை என்றால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். "ஷிஃப்ட் பண்ணினோம் டாக்டர், அதனால்தான் டல்லாக இருக்கிறாள்" என்று பத்து நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீடு மாறுவதற்கு முன்பு எப்போது பருவம் வந்தது என்று ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

சிறுநீர் விஷயத்துக்கு வருகிறேன். மண்ணில் போய்ப் பழகிய நாய்க்கு டைல்ஸும் சிமென்ட் தரையும் கழிவறையாகப் படாது. அடக்கிக்கொள்ளும். விடியற்காலையில் பக்கத்தில் உள்ள ஒரு மண் திட்டுக்கு அழைத்துப் போங்கள். தினமும் அதே இடம், அதே வழி. அங்கே போய்விட்டான் என்றால் உடனே பிடித்த தின்பண்டம் ஒன்று. அவன் சிறுநீர் பட்ட ஒரு துணித் துண்டை அங்கே போட்டு வைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். பால்கனியில் ஒரு அகலத் தட்டில் மண் நிரப்பி வைப்பதும் மழைக் காலத்துக்கு உதவும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை போக வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வெளியே போகும்போது ஒரு முக்கியமான ஆபத்து இருக்கிறது. சிப்பிப்பாறைக்குத் தலை சின்னது, கழுத்து நீளம். சாதாரணக் கழுத்துப் பட்டையில் பின்னால் இழுத்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். புது ஊரில் மிரண்டு ஓடிய நாய் வீட்டுக்குத் திரும்பி வராது, எந்த வீட்டுக்கு வருவது என்றே அதற்குத் தெரியாது. மார்போடு பிடிக்கும் ஹார்னஸ் வாங்கி, கழுத்துப் பட்டையையும் சேர்த்து மாட்டி, உங்கள் போன் நம்பர் உள்ள வில்லையைத் தொங்கவிடுங்கள். மூன்று மாதத்துக்கு எங்கேயும் அவிழ்த்து விடாதீர்கள். பால்கனிக் கம்பிக்கு இடையில் தலை நுழையுமா என்று இன்றைக்கே பார்த்து வலை அடியுங்கள்.

லிஃப்ட்டுக்குள் இழுக்காதீர்கள். இப்போதைக்குப் படிக்கட்டு. மதிய நேரம் ஆள் இல்லாதபோது, கதவைத் திறந்து வைத்து, வாசலில் இரண்டு துண்டு கறி போடுங்கள். அவனாக உள்ளே கால் வைக்க நாலைந்து நாள் ஆகட்டும். அப்புறம் கதவை மூடித் திறங்கள், அப்புறம் ஒரே ஒரு மாடி.

ஊளைக்கும் இதே வழிதான். செருப்பு போட்டு, கதவைச் சாத்தி, அவன் கத்துவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுங்கள். பத்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். அதுவரை இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க முடிந்தால் மிகவும் நல்லது. பழைய போனில் வீடியோ ஓடவிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆரம்பிக்கிறான் என்று தெரியும். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று ஆகும் என நாய்களைத் தத்து எடுப்பவர்கள் சொல்வார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் ஆறாவது நாளில் கைவிடக்கூடாது என்பதற்கு அது போதும்.

அசோசியேஷன் செயலாளருக்கு மரியாதையாக எழுத்தில் பதில் கொடுங்கள். இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்யவோ, லிஃப்ட்டில் விடமாட்டேன் என்று சொல்லவோ, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ முடியாது. ஒன்றுக்கு மேல் லிஃப்ட் இருந்தால் இதில் வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பத்து வருடம் தாண்டியும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தனித்தனியாகத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருப்பது கொடுமை.  ஆனால் ஊளையால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் இழக்கிறார்கள் என்பதும் உண்மை. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எத்தனை வாரம் ஆகும் என்று அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் ஃப்ளாட் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வந்தால் மாநகராட்சி நாய் உரிமத்தையும் உடனே எடுத்துவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும், திண்டுக்கல்லில் போட்ட ஊசி அட்டையைத் தேடி வையுங்கள். உரிமம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகள் உங்கள் கதவையும் தட்டுவார்கள். மாநகராட்சி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் மிகச் சிறிய தொகைதான்.