கேள்வி-பதில்: எந்த லினக்ஸ் போடலாம்?

கே: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. அண்ணனின் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட ஆசை. அதில் ஒரு வகையான உபுண்டுவில் 24.04, 25.10 என்று இருக்கிறது. பெரிய நம்பர்தானே நல்லது?
– மாணவி, மஞ்சக்குப்பம்

ப: இல்லை. அது மார்க் இல்லை, பிறந்த தேதி. 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை வருஷத்து ஏப்ரலில் வருவது எல்.டி.எஸ்., அதாவது நீண்ட நாள் பதிப்பு; ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. இடையில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். 24.10 போட்டவர்களுக்கு 2025 ஜூலையோடு அப்டேட் நின்றது. மூன்று வருஷ டிகிரியில் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் படிப்பது எப்போது?

இந்தப் புதுசு மோகம்தான் எனக்கு ஆகவே ஆகாது. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊரில், லேப்டாப்பில் போடுவதை மட்டும் யூடியூபில் ஜிகுஜிகுவென்று இருந்தால் போதும் என்று போடுகிறார்கள். அந்த வீடியோக்காரரிடம் 16 ஜிபி ரேம் இருக்கும். உங்களுடையதில் உபுண்டு மூச்சு வாங்கும். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகை, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு எடுங்கள். உபுண்டு எல்.டி.எஸ். மேல் கட்டியதுதான், 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டாலை அமுக்காமல் அப்படியே பூட் செய்யுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். சி, பைத்தான், ஜாவா எல்லாம் மின்ட்டிலேயே ஓடும்.

கே: ஹேக்கர் ஆக ஆசை. காளி லினக்ஸ் போட்டேன். வைஃபையே வரவில்லை.
– வில்லியனூர்

ப: காளி பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று காளியை வெளியிடுகிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தீர்களா?

கே: மகனின் செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்து, 'ஒரிஜினல் லைசென்ஸ்' என்று 2,500 ரூபாய் வாங்கிவிட்டார் கடைக்காரர். பில் தர மாட்டேன் என்கிறார்.
– ஒரு தகப்பன், பண்ருட்டி

ப: உங்கள் மேல் தப்பே இல்லை, ஐயா. வயிறு எரிகிறது. உபுண்டுவை யாரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம், நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம். போட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால் நியாயம். இல்லாத லைசென்ஸுக்குக் காசு வாங்குவது பட்டப்பகல் ஏமாற்று. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபேயில் அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபால் ஒன்று போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அப்படியும் அசையாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

கே: லினக்ஸில் பிரிண்டர் ஓடுமா?
– லாஸ்பேட்டை

ப: மாடலைப் பொறுத்தது. மாடல் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிவிட்டு வாங்குங்கள். "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்று கடையில் தலையில் கட்டிய ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதன்மேல் இப்போது இஸ்திரிப் பெட்டி.

கே: இன்ஸ்டால் செய்யும்போது 'எரேஸ் டிஸ்க்' என்று வந்தது, ஓகே கொடுத்தேன். விண்டோஸோடு என் ப்ராஜெக்ட்டும் போய்விட்டது. உபுண்டு மேல் வழக்குப் போட முடியுமா?
– நெல்லிக்குப்பம்

ப: முடியாது. கேட்டுவிட்டுத்தானே அழித்தது? பேக்கப் எடுத்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. கடிதத்திலேயே பதில் இருக்கிறது. உடனே லேப்டாப்பை அணையுங்கள், அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுத வேண்டாம். வேறு பென்டிரைவிலிருந்து பூட் செய்து அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டினால், பழைய ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் பட்சத்தில் கொஞ்சம் தேறலாம். எஸ்எஸ்டி என்றால் ப்ராஜெக்ட்டை மறுபடி எழுத உட்காருங்கள்.